சின்னமலை எஸ்டேட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டும்

இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் கூடுகிற இடங்களில் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பட்டியல் ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாக இருக்கும். 'உதிரிப்பூக்கள்' வரும், 'அவள் அப்படித்தான்' வரும், 'வீடு' வரும். எவரேனும் குறுக்கே 'காதலிக்க நேரமில்லை' என்று சொல்லிவிட்டால் எல்லோர் முகத்திலும் ஒரு புன்னகை படரும். ஆனால் பேச்சு நிற்காமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும். அந்தப் புன்னகை எங்களுக்கு நெடுநாளாகவே சற்று உறுத்தலாக இருந்து வருகிறது. பிடித்த ஒன்றைப் பற்றி ஏன் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம்? அழவைத்த படைப்புக்கு நாம் காரணம் தேடுகிறோம், சிரிக்கவைத்ததற்குத் தேடுவதில்லை. தேவனுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அவரை வாசிக்காதவர் குறைவு, அவரைப் பற்றி எழுதியவர் அதைவிடக் குறைவு.

படம் வெளியானது 1964 பிப்ரவரி 27 அன்று. 2025 பொங்கலுக்கு அதே பெயரில் வேறொரு கதையுடன் புதிய படம் ஒன்று வந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தலைப்பை மட்டும் கடன் வாங்கினால்கூட அதில் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு, அதாவது அம்பத்தூரில் ஒரே தெருவில் வளர்ந்து இப்போது ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் கொரட்டூருக்குமாகச் சிதறிப்போன நால்வருக்கு, அந்த ஆண்டு இன்னொரு காரணத்தாலும் முக்கியமானது. அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டதும் 1964இல்தான். எங்கள் பகுதியில் 'எஸ்டேட்' என்றால் தேயிலையும் இல்லை, மூடுபனியும் இல்லை. லேத் பட்டறை, ஃபவுண்டரி, பிரஸ் ஷாப், பவர் கட், ஜாப் ஒர்க். 'அப்பா எஸ்டேட்டுக்குப் போயிருக்காரு' என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆகவே டி. எஸ். பாலையா சின்னமலை எஸ்டேட்டின் முதலாளியாகத் திரையில் தோன்றியபோது, எங்களில் மிக இளையவளுக்கு அந்தப் பெரிய பங்களா தொழிற்பேட்டையின் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

ஸ்ரீதர் அதுவரை எடுத்திருந்த படங்களை நினைத்துப் பார்க்கலாம். 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). தியாகம், நோய், முன்ஜென்மம். கைக்குட்டையோடு திரையரங்குக்குப் போக வேண்டிய இயக்குநர் என்று அவரை மக்கள் தீர்மானித்துவிட்டிருந்த நேரம். செங்கல்பட்டில் பள்ளி நாளிலிருந்தே நண்பராக இருந்த கோபுவை அருகில் வைத்துக்கொண்டு அவர் முழுநீள நகைச்சுவைக்குத் திரும்பினார். சித்ராலயா என்ற சொந்த நிறுவனத்தின் பெயர் கோபுவின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 'காசேதான் கடவுளடா' (1972) எடுத்தவரும் அவர்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்னொரு துணிச்சல் வண்ணம். தமிழில் வண்ணப்படம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல். ஆனால் அந்த நிறங்கள் பெரும்பாலும் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் புராணங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பட்டும் கிரீடமும் இருந்தால்தான் அந்தச் செலவுக்கு நியாயம் என்ற எண்ணம். ஸ்ரீதர் ஈஸ்ட்மன் கலரைக் கல்லூரி முடித்துவிட்டு வீடு திரும்பும் இரண்டு பெண்களுக்கும், வேலை பறிபோன ஓர் இளைஞனுக்கும், ஆழியாறு அணைப்பக்கத்துப் பசுமைக்கும் கொடுத்தார். ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் அதை வீணாக்கவில்லை. அன்றாட வாழ்க்கைக்கும் நிறம் உண்டு என்பது 1964இன் ரசிகனுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை இன்று கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

கதையின் எலும்புக்கூடு மிகப் பழையது. சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதனுக்கு (பாலையா) நிர்மலா, காஞ்சனா என்று இரண்டு பெண்கள். செல்லப்பா (நாகேஷ்) என்று ஒரு பிள்ளை. வேலையை இழந்த அசோக் (அறிமுக நடிகர் ரவிச்சந்திரன்) முதலாளியின் பெண்களுள் ஒருத்தியைக் காதலிக்கிறான். முதலாளிக்குப் பணக்கார மருமகன் வேண்டும். ஆகவே பணக்காரத் தந்தை ஒருவர் அவசரமாகத் தேவைப்படுகிறார். நண்பன் வாசு (முத்துராமன்) முதியவர் வேடமிட்டுக் கோடீஸ்வரர் சிதம்பரமாக வந்து இறங்குகிறான். வந்த இடத்தில், தான் காதலிக்கும் பெண்ணே அந்த வீட்டின் இன்னொரு மகள் என்று தெரிகிறது. போதாததற்கு வாசுவின் உண்மையான தந்தையும் (வி. எஸ். ராகவன்) கதைக்குள் வந்துவிடுகிறார்.

போலித் தந்தையை நாடகத்துக்குள் கொண்டுவந்துவிட்டுப் பிறகு அசல் தந்தையை வாசலில் நிறுத்தும் தந்திரத்தை ஷேக்ஸ்பியர் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'வில் செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், காசுக் கணக்குப் பார்க்கும் கிழவர்களைக் காதல்வயப்பட்ட பிள்ளைகள் ஏமாற்றுவது ரோமானிய நகைச்சுவை நாடகங்களின் அன்றாட வேலை. பெரிய வீட்டுக்குள் ஆள்மாறாட்டம் செய்து நுழைகிறவர்கள் இல்லாவிட்டால் பி. ஜி. வுட்ஹவுஸுக்குப் பிழைப்பே இல்லை. 1995இல் ஏமி ஹெக்கர்லிங் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வை எடுத்து அமெரிக்கப் பள்ளி மாணவிகளின் கதையாக்கி 'க்ளூலெஸ்' என்ற படமாக்கியபோதும் நடந்தது இதுதான்: நூற்றாண்டுகளாகத் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்ட ஒரு கட்டமைப்பு, அதன்மேல் அந்தந்த ஊரின் பேச்சு. இளமைக் கொண்டாட்டமான படங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன என்று பொதுவாகச் சொல்கிறோம். உடையும் சிகையும்தான் பழசாகின்றன. பேச்சு அந்த ஊருடையதாக இருந்துவிட்டால் படம் தப்பித்துக்கொள்கிறது என்பது எங்கள் கணிப்பு.

பேச்சு என்றதும் பாலையாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1936இன் 'சதி லீலாவதி'யிலிருந்து நடித்துவந்தவர். வில்லனாகவே நீண்ட காலம் அறியப்பட்டவர். அசோக்கின் தந்தை கோடீஸ்வரர் என்று தெரிந்த கணத்தில் அவர் முகத்தில் நிகழும் மாற்றத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. அதுவரை அலட்சியமாக ஒருமையில் அழைக்கப்பட்டவனின் பெயர் 'ர்' விகுதி பெறுகிறது. அதோடு நிற்கவில்லை, 'மகன்' என்ற சொல்லுக்கே அவர் மரியாதை சேர்த்து 'மகர்' ஆக்கிவிடுகிறார். தமிழ் இலக்கணத்தில் 'அன்' ஆண்பால் விகுதி, 'அர்' பலர்பால் விகுதி, மரியாதைக்கும் அதுவே. பணம் ஒரு மனிதனை ஒருமையிலிருந்து பன்மைக்கு உயர்த்தும் அந்த ஒரு விநாடியை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறொரு தமிழ் வசனம் எங்கள் நினைவில் இல்லை. படம் தெலுங்கில் 1965இலும், ஸ்ரீதரே இயக்கி இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று 1966இலும், கன்னடத்தில் 1979இலும் மறுவாழ்வு பெற்றது. கதை எல்லா மொழிக்கும் போனது. இந்த 'ர்' மட்டும் எங்கும் போயிருக்க முடியாது.

இந்த நகைச்சுவை எங்கள் தெருவுக்கு ஏன் உடனே புரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் அம்பத்தூரில் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு ஒருமையும் பன்மையும் இலக்கணப் பாடத்தில் அறிமுகமானவை அல்ல. தொழிற்சாலை வாசலில் அறிமுகமானவை. சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுக்கும் நாட்களில், எங்கள் தந்தையை விடப் பத்து வயது இளையவரான சூப்பர்வைசர் ஒருவர் அவரை 'டேய்' போடாமல், ஆனால் 'வா, போ' என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். அப்பா பதிலுக்கு 'வாங்க சார்' என்பார். வீட்டிலோ, தெருவிலோ, ஐயப்பன் பூஜையிலோ அவரை ஒருமையில் அழைக்கக் கூடியவர் எங்கள் பாட்டி ஒருவர்தான். இதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

முதன்முறை நாங்கள் இந்தப் படத்தைப் பார்த்தது தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படமாக. மூன்றாம் வீட்டில் ஒரு டயனோரா பெட்டி, கறுப்பு-வெள்ளை. வண்ணத்துக்காகவே பேசப்பட்ட படத்தை வண்ணமில்லாமல் பார்த்தோம். ஆனால் அந்த வீட்டு அத்தை 1964இலேயே அதைப் பட்டணத்தில் திரையரங்கில் பார்த்தவர். அது அவருடைய திருமணத்துக்கு முந்திய வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று. முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே எங்களுக்கு நிறங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இது ரோஸ் கலரு. அந்தப் பொண்ணு கட்டியிருக்கறது மாம்பழ மஞ்ச. வானத்தைப் பாரு, என்னா நீலம்ன்ற!" திரையில் இருந்ததோ சாம்பலின் பல படிநிலைகள். சில ஆண்டுகள் கழித்து உண்மையான வண்ணத்தில் பார்த்தபோது அத்தை சொன்னவற்றில் பாதி வேறாக இருந்தன. எங்களுக்கு இன்றும் அத்தையின் நிறங்கள்தான் பிடித்திருக்கின்றன.

அந்தச் சில ஆண்டுகளுக்குப் பின்னான பார்வைதான் இக்கட்டுரைக்குக் காரணம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சம்பளம் கொடுத்துவந்த தொழிற்சாலை ஒன்றில் கதவடைப்பு. பெயர் வேண்டாம், அந்நாளில் அந்தப் பகுதியில் எந்தப் பெயரை எழுதினாலும் ஒரு கதை கிடைத்திருக்கும். கேட்டுக்கு எதிரே ஒரு பந்தல் போட்டுத் தொழிலாளர்கள் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் மாதம் பந்தலில் பாட்டும் முழக்கமும் இருந்தன. மூன்றாம் மாதம் சீட்டாட்டம் இருந்தது. ஐந்தாம் மாதம் பந்தலில் ஆட்கள் குறைந்துபோனார்கள். சிலர் பாடியில் கட்டிட வேலைக்கும், சிலர் செங்குன்றத்தில் அரிசி ஆலைக்கும் போனார்கள். மளிகைக் கடையில் கணக்கு நோட்டு தடித்தது. அந்த நிலையில் வந்த பொங்கலுக்குத் தெருவே காசு போட்டு ஒரு வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தது. இருக்கிற நிலைமையில் இதற்கெல்லாம் காசா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களும் காசு போட்டார்கள்.

மூன்று காசெட்டுகள். இரண்டு சண்டைப் படங்கள், பிள்ளைகளுக்காக. மூன்றாவது இது, அத்தையின் பிடிவாதத்துக்காக. நடுநிசிக்கு மேல்தான் ஓடத் தொடங்கியது. பெரியவர்கள் எல்லோரும் விழித்திருந்தார்கள்.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக், முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து, நண்பர்களைக் கூட்டி, முதலாளியின் பெயரைச் சொல்லியே வேலை கேட்டுப் பாடும் பாட்டு அனைவருக்கும் தெரிந்தது. (இசையமைத்தவர்கள் விஸ்வநாதன் - ராமமூர்த்தி, எழுதியவர் கண்ணதாசன், விஸ்வநாதனிடமே விஸ்வநாதனைப் பற்றி ஒரு பாட்டு வாங்கியிருக்கிறார்கள் என்ற குறும்பை நாங்கள் வளர்ந்த பிறகே ரசித்தோம்.) துள்ளலான, குதூகலமான காட்சி. அன்றிரவு எங்கள் தெருவில் அந்தப் பாட்டு தொடங்கியதும் ஒரு மௌனம் விழுந்தது. ஐந்து மாதமாகக் கேட்டுக்கு எதிரே பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், கேட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு ஒருவன் ஆடிக்கொண்டிருக்கிறான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெக்கை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் எழுந்தார் என்றுகூட நினைவு.

அப்போது மூன்றாம் வீட்டு மாமா, அத்தையின் கணவர், டர்னராக இருபது வருடம் வேலை செய்தவர், சொன்னார்: "நம்ம பந்தல்ல இந்த மாதிரி டான்ஸ் ஆடத் தெரிஞ்ச ஆளே இல்லப்பா. அதான் இழுத்துக்கிட்டே போவுது."

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாது. எங்கள் தந்தையர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. பாலையாவின் 'ர்' வந்தபோது திரும்பப் போடச் சொல்லி இரண்டு முறை பார்த்தார்கள். மறுநாளிலிருந்து பந்தலில் புதிய இலக்கணம் அமலுக்கு வந்தது. 'தம்பியர் டீ குடிச்சாருங்களா', 'மச்சானர் வரலீங்களா' என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்திலிருந்து கார் உள்ளே போகும்போது மட்டும் 'சின்னமலை போறாரு' என்பார்கள். இருபது வருடம் ஒருமையில் அழைக்கப்பட்டவர்கள் தமக்குத் தாமே அந்த விகுதியை எடுத்துக் கொண்டார்கள் என்று இன்று எழுதத் தோன்றுகிறது. அன்று அது வெறும் கிண்டல். அவர்களிடம் போய் இப்படி விளக்கியிருந்தால் அதையும் கிண்டல் செய்திருப்பார்கள்.

இடதுசாரி ஈடுபாடுள்ள எங்கள் நண்பர் ஒருவர், பிற்காலத்தில் இதைக் கேட்டுவிட்டு, இம்மாதிரிப் படங்கள்தான் தொழிலாளியின் கோபத்தைக் கரைத்துவிட்டன என்று வாதிட்டார். பேச வேண்டிய வாதம்தான். திரையில் அசோக்குக்கு நியாயம் சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. முதலாளி பேராசைக்காரர், ஆனால் உள்ளூர நல்லவர். அவர் மகளைக் காதலித்துவிட்டால் வர்க்கப் பிரச்சினை தீர்ந்துவிடும். எங்கள் தெருவில் கதவடைப்பு பதினொரு மாதம் நீடித்தது. முடிந்தபோது எல்லோரும் உள்ளே போகவில்லை. ஆனால் அன்றிரவு சிரித்தவர்களின் கோபம் கரைந்தது என்பதற்கு எங்களிடம் எந்தச் சாட்சியும் இல்லை. மறுநாள் காலை பந்தலில் வழக்கத்தைவிட அதிகம் பேர் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சாப்பாடு கொண்டுபோனது நாங்கள்தான்.

உள்ளே போகாதவர்களுள் மூன்றாம் வீட்டு மாமாவும் ஒருவர். கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் இன்னும் இருவரோடு சேர்ந்து, தொழிற்பேட்டையின் பின்புறச் சந்து ஒன்றில் அஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டார். விளக்கேற்றிப் பொரிகடலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் சொல்லிக்கொள்ளும்படி ஆர்டர் எதுவும் வரவில்லை.

இங்கே நாகேஷ் வர வேண்டியிருக்கிறது. படத்தில் செல்லப்பா 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் படக் கம்பெனி ஆரம்பிக்கிறான். கதாநாயகி உண்டு, எஸ்டேட் மேனேஜரின் மகள், சச்சு. இயக்குநர் உண்டு; அவனேதான். அப்பாவிடம் பணம் உண்டு, அது கைக்கு வரவில்லை. படம்தான் இல்லை. எங்கள் தெருவின் வாய் சும்மா இருக்குமா? மாமாவின் பட்டறைக்கு 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர் விழுந்தது. கொடூரமான கிண்டல் என்று இப்போது தோன்றலாம். ஆனால் முதலில் அந்தப் பெயரை வைத்ததே மாமாதான் என்று அத்தை பிற்காலத்தில் சொன்னார். "மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா பரவால்ல" என்றாராம். அந்த ஒன்றரை வருடத்தில் அத்தையின் சங்கிலி இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய்வந்தது. மூன்றாம் முறை போனது வரவில்லை. அடகுக் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமா 'ஃபைனான்சியரைப் பார்க்கப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு மற்றது என்று பிரித்துப் பார்க்கும் வயது எங்களுக்கு அப்போது இல்லை.

நாகேஷ் தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பற்றி எழுதப்படாதது எதுவும் மிச்சமிருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காட்சியில் எந்தப் பேயும் காட்டப்படுவதில்லை. இரண்டு நடிகர்கள், பகல் வெளிச்சம், ஒருவர் வாயால் எழுப்பும் ஓசைகள். எல்லோரும் நாகேஷைப் புகழ்வார்கள், நியாயம்தான். ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுவந்த அந்த மெலிந்த உடல் அதே 1964இல் 'சர்வர் சுந்தரம்' ஆகவும் நின்றது. ஆனால் காட்சியைத் தாங்குபவர் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையா. கதையை நம்பக் கூடாது என்று உறுதியாக இருக்கும் ஒரு மனிதர், தன்னை மீறி நம்பத் தொடங்குவது அவர் கண்களில் படிப்படியாக நடக்கிறது. கதை சொல்வதென்றால் என்ன, கதை கேட்பதென்றால் என்ன என்று பட்டறைகள் நடத்துகிறோம்; இந்தச் சில நிமிடங்களை ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

படத்தின் குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொடக்கத்தில் அசோக் அந்தப் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கு இன்று வேறு பெயர் உண்டு. படம் அதைச் சுறுசுறுப்பாகவும் அழகாகவும் எடுத்திருப்பதால் அது வேறாகிவிடாது. இன்னொன்று எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு இன்னும் துலக்கமாகத் தெரிவது. எஸ்டேட் முதலாளி இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார், மேனேஜரின் மகள் இருக்கிறார். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கதைக்குள் இடமில்லை. சின்னமலையின் செல்வம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. நகைச்சுவை நாடகத்தில் அதைக் கேட்கலாமா என்றால், கேட்கலாம்தான். கேட்டுக்கொண்டே சிரிக்கவும் முடிகிறது என்பது எங்கள் அனுபவம்.

அண்மையில், ஒரு விடுமுறை நாளில், எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தியோடு படத்தை மறுபடி பார்த்தோம். பதினாறு வயது, திருமுல்லைவாயிலில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாகேஷ் - பாலையா காட்சியின் துண்டுகள் கைப்பேசியில் அவளுக்கு ஏற்கனவே தெரியும். அவை ஒரு முழுப் படத்திலிருந்து வந்தவை என்பதே அவளுக்குச் செய்தி. முதல் பாதியில் ஒரு பாட்டை ஓட்டிவிட்டாள். கூடாரக் காட்சியை ஓட்டவில்லை. அசோக் பெண்களைச் சீண்டும் இடத்தில், "இதுக்குப் போலீஸ்ல குடுத்திருக்கணும், வேலைய விட்டு எடுத்ததே கம்மி" என்றாள். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. பிறகு பாலையா 'மகர்' என்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்களுக்கு வியப்பாக இருந்தது. தொழிற்பேட்டையின் பெரும்பகுதி இன்று கண்ணாடி முகப்புக் கட்டிடங்களாகிவிட்டது. அவளுடைய தந்தை வேலை செய்யும் அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், மேலதிகாரியையும்கூட. அவளுக்கு எப்படி இந்த 'ர்' புரிந்தது? கேட்டோம்.

"ஏன் புரியாது? எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தாத்தாவ எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்க, நீங்க கேட்டதில்லையா? அவரு எல்லாரையும் சார், மேடம். என்னையுங்கூட மேடம். சின்னப் பசங்ககூட அவர 'வா, போ'ம்பாங்க."

சற்று நேரம் படத்தைப் பார்த்தாள். சச்சு திரையில் இருந்தார். பிறகு, "அந்த மீசைத் தாத்தா படம் எடுத்தாரா இல்லையா கடைசில?" என்று கேட்டாள். படம் எடுக்க நினைத்தது மகன், தாத்தா இல்லை என்றோம். அவள் கேட்டது திரையிலிருந்த யாரையும் இல்லை. முந்தின நாள் நாங்கள் சொல்லியிருந்த மூன்றாம் வீட்டு மாமாவை.

வந்தது, ஆர்டர் வந்தது என்றோம். இரண்டாம் வருடத்தின் முடிவில், சைக்கிள் பாகங்களுக்கான சிறிய புஷ், ஆயிரக்கணக்கில். அதற்குப் பின் இன்னொரு லேத்தும் வாங்கினார். பில் புத்தகத்தில் அம்மன் பெயரில் வேறு ஏதோ பெயர்தான் அச்சிட்டிருந்தது. ஆனால் ஜாப் ஒர்க் கொடுக்க வருகிறவர்கள் சந்து முனையில் நின்று 'ஓஹோ' எங்கே என்றுதான் வழி கேட்டார்கள்.